வள்ளுவர் சிலையின் 133 அடி: வாட்ஸ்அப் செய்தியில் உள்ள தவறு

கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. முக்கடல் நடுவே நிற்கும் வள்ளுவர் சிலை சோழர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கியது, பீடம் இல்லாமலே 133 அடி, உயர்த்திய மூன்று விரல்களும் மூன்று கடல்களைக் குறிப்பவை என்கிறது அது. மூன்றுமே தவறு.

சிலையை வடித்தவர் கணபதி ஸ்தபதி. கருங்கற்களைத் தனித்தனியாகச் செதுக்கி அடுக்கிக் கட்டினார்கள். திறந்தது 2000 ஜனவரி 1. பழமையானது கட்டிய மரபுதான், சிலை அல்ல.

உயரத்தைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லியே ஆகவேண்டும், பாடமே அதில்தான் இருக்கிறது. பீடம் 38 அடி, சிலை 95 அடி, இரண்டும் சேர்ந்துதான் 133. வீட்டில் இருக்கும் எந்தத் திருக்குறள் பதிப்பிலும் பொருளடக்கத்தைப் பாருங்கள்: அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25. பின்னிரண்டையும் கூட்டினால் 95. அதாவது, பொருளும் இன்பமும் அறத்தின் மேல் நிற்கின்றன. இதைவிட அழகாக அறத்தைக் கல்லில் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பீடத்தையும் சேர்த்து 133 என்பதை விட்டுவிட்டால் இந்த அர்த்தம் முழுக்கப் போய்விடும்.

விரல்கள் மூன்றும் அறம், பொருள், இன்பம் என்ற முப்பாலைக் காட்டுகின்றன.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் மேலே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், சரி, அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.