தட்டில் மிஞ்சும் சோறு

என் பெரியப்பா சிங்கப்பூரின் சாங்கி ஜெயிலில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டூட்டியில் அவர் கண் முதலில் போவது சாப்பாட்டுத் தட்டுக்குத்தானாம். "அடிச்சுப் பிடிச்சு வாங்குறவன் சோத்தை அப்படியே வெச்சிட்டுப் போனா, அன்னிக்கு ராத்திரி நான் உஷார்" என்பார். சத்தம் போடும் கைதியைப் பற்றிக் கவலையே இல்லை. சளசளவென்று இருக்கும் பிளாக் திடீரென்று அடங்கினால்தான் அவருக்குப் பயம்.

போன வாரம் தேக்காவில் தே குடிக்கும்போது நண்பர் ஒருவர் புலாவ் செனாங் என்ற பழைய தீவுச் சிறையின் கதையை எடுத்தார். "சுதந்திரம் கொடுத்தாங்க, கைதிங்க கொன்னுட்டாங்க" என்பது அவர் தீர்ப்பு. எனக்கு ஒப்பவில்லை.

1960இல் ரகசியக் கும்பல் ஆட்களை அந்தத் தீவில் இறக்கினார்கள். விசாரணையே இல்லாமல் தடுப்புக்காவலில் இருந்தவர்கள். சாலை, பட்டறை, தங்குமிடம் எல்லாம் அவர்கள் கையால் எழுந்தவை. உழைப்பு ஆளைத் திருத்திவிடும் என்று கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் மனசார நம்பினார். காவலர்களிடம் துப்பாக்கி கிடையாது. 1963 ஜூலை 12 மதியம் கைதிகள் பாராங் என்ற வெட்டுக்கத்தி, மண்வெட்டி, கோடாரியோடு பாய்ந்தார்கள். டட்டனும், ஆறுமுகம் வீரசிங்கம் உட்பட அதிகாரிகள் சிலரும் செத்தார்கள். 1965இல் கைதிகளில் 18 பேரைத் தூக்கிலிட்டார்கள். செனாங் என்றால் மலாயில் நிம்மதி, சுகம். என்ன பெயரோ!

கலவரத்துக்குச் சில நாள் முன்பு, படகுத்துறையில் கூடுதல் நேரம் வேலை செய்ய மறுத்த, தச்சு வேலை பார்த்த 13 கைதிகளை டட்டன் சாங்கிக்கே திருப்பி அனுப்பியிருந்தார். தீர்ப்பு இல்லாதவனுக்கு இத்தனை வருஷம் என்ற கணக்கு ஏது? ஒழுங்காக உழைத்தால் ஒருநாள் விடுவார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான். ஒரு 'மாட்டேன்' சொன்னால் அதுவும் போய்விடும் என்று மிச்சம் பேர் கண்ணால் பார்த்தார்கள். கொலைக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அங்கே குறைந்தது கண்டிப்பு அல்ல. குறையைக் கேட்க ஆள் இல்லை.

1990இல் மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையிலும் இதே கதைதான். 970 பேருக்கான இடத்தில் 1,600க்கும் மேல் அடைத்து, அறைக்குள் வாளிதான் கழிப்பறை. கலவரம் செய்து கூரையில் ஏறிய கைதிகளில் சிலர் 25 நாள் கீழே இறங்கவில்லை.

இன்று இங்கே வெளியிலிருந்து ஆட்கள் போய்க் கைதிகளின் புகாரைக் கேட்கும் ஏற்பாடு இருக்கிறது. கேமராவை விட அதைத்தான் நான் நம்புவேன். அப்புறம், ஒரே பிளாக்கில் வருஷக்கணக்காக இருந்து முகம் பார்த்தே சொல்லிவிடும் பெரியப்பா மாதிரி வார்டர்களை.

"துப்பாக்கி இருந்திருந்தா டட்டன் பொழைச்சிருப்பாரே?" என்றார் நண்பர். இருக்கலாம். அந்த 13 பேர் யாரிடம் போய் முறையிட்டிருக்க முடியும் என்று கேட்டேன்.

"அது வேற விஷயம்" என்று இன்னொரு தே சொன்னார்.