முப்பது பட்டாம்பூச்சியும் ஒரே மாதிரி இருந்தால்

வகுப்புச் சுவரில் முப்பது பட்டாம்பூச்சிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். முப்பதுக்கும் ஒரே மஞ்சள் சிறகு, ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி, ஒரே மாதிரி வளைந்த இரண்டு மீசை. பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்கள் பார்த்துவிட்டு "எவ்வளவு அழகா இருக்கு" என்பார்கள். ஆனால் கீழே இருக்கும் பெயர்ச்சீட்டைப் படிக்காமல், எது தன் பிள்ளை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அந்தப் பட்டாம்பூச்சிகளை நானும் பல வருடம் செய்ய வைத்திருக்கிறேன். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து சிறகு எல்லாவற்றையும் நானே வெட்டி, மடிக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு எடுத்துப் போவேன். பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்தது பசை தடவுகிற வேலைதான். எந்தக் கலர், எந்த வடிவம், எங்கே புள்ளி என்று முடிவெடுக்கிற வேலை முழுவதையும் நானே செய்துவிட்டேன். அந்த முடிவுகள்தான் கலை என்று இப்போது மனதார நம்புகிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சொன்னபடி செய்கிற கைவேலைக்கும் ஓர் இடம் உண்டு. கோட்டின் மேலேயே வெட்டுவது, ஓரத்தோடு ஓரம் சேர மடிப்பது, இதற்கெல்லாம் பழக்கம் வேண்டும். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே ஓவிய வகுப்பு என்று வைத்துக்கொள்வதுதான் எனக்கு வருத்தம். கணக்கில் விடை ஒன்றுதான். எழுத்துப் பிழை பார்க்கும்போதும் சரியானது ஒன்றுதான். முப்பது பேருக்கு முப்பது விடை வரலாம் என்கிற பீரியட் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது. அதிலும் விடையை நாமே கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை எங்கே போகும்?

என் மனதை விட்டுப் போகாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் பஸ் வரைந்திருந்தான். பக்கவாட்டில் தெரிகிற பஸ், ஆனால் நான்கு சக்கரமும் தெரிந்தன. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால்கள்கூடத் தெரிந்தன, பஸ்ஸின் தகடே கண்ணாடியால் ஆனது போல. நான் நல்ல எண்ணத்தில்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பக்கத்துல நின்னு பார்த்தா ரெண்டு சக்கரம்தானேடா தெரியும்" என்று சொல்லி, அவன் பென்சிலை வாங்கி, அவன் தாளிலேயே இரண்டு சக்கரத்தை அழித்து, கோணலாக இருந்த கோட்டையும் நேராக்கிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வெறும் தாளை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தான். "மிஸ், நீங்களே வரைஞ்சு குடுங்க." அந்த வருடம் முழுவதும் அப்படித்தான் வந்து நின்றான்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர் விக்டர் லோவன்ஃபெல்ட். குழந்தைகளின் ஓவியம் எந்தெந்தப் படிகளில் வளர்கிறது என்று 1947இல் விரிவாக எழுதியவர். ஏழிலிருந்து ஒன்பது வயதுவரை ஒரு படி. அந்த வயதில் பிள்ளை தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, வீடு, மரம், ஆள் எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தும். மேலே ஒரு பட்டை நீலம் வானம். இரண்டுக்கும் நடுவே வெறுமை. வீட்டின் சுவர் வழியாக உள்ளே இருக்கும் நாற்காலியும் தெரியும். எக்ஸ்ரே ஓவியம் என்றே இதற்குப் பெயர் இருக்கிறது. மேஜையைச் சுற்றி நான்கு பேர் என்றால், நான்கு பேரும் நான்கு பக்கம் சாய்ந்து படுத்திருப்பார்கள். இவை தப்புகள் அல்ல. கண்ணுக்குத் தெரிவதை வரைகிற வயது அது இல்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிற வயது. பஸ்ஸுக்கு நான்கு சக்கரம் உண்டு என்பது என் மாணவனுக்குத் தெரியும். உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருப்பதும் தெரியும். தெரிந்த அத்தனையையும் ஒரே தாளில் சொல்லிவிட அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அதைத்தான் நான் ரப்பர் வைத்து அழித்தேன்.

ஒன்பது வயதுக்கு மேல் நிலைமை மாறும். பிள்ளை தன் படத்தைத் தானே குறைசொல்ல ஆரம்பிக்கும். "நிஜம் மாதிரி இல்லையே" என்று கசக்கிப் போடும். "எனக்கு வரைய வராது" என்ற வாக்கியம் முதன்முதலில் காதில் விழுவது நான்காம், ஐந்தாம் வகுப்பில்தான். நிழல் எப்படி விழும், தூரத்துப் பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது என்று சொல்லித்தர வேண்டிய நேரம் அது. பிள்ளையே கேட்கிற நேரமும் அதுதான். இரண்டாம் வகுப்பில் திணிக்கிறோம், ஐந்தாம் வகுப்பில் கேட்கும்போது டிராயிங் பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம்.

பிள்ளைகளைத் தங்கள் போக்கில் வரைய விடுங்கள் என்பது நேற்று வந்த பேச்சும் இல்லை. பள்ளியில் டிராயிங் என்றால் அச்சுப் படத்தைப் பார்த்து அப்படியே வரைவது என்று இருந்த காலத்தில், 1897இல், வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஷெக் என்ற ஆசிரியர் சிறுவர்களுக்காகவே ஓர் ஓவிய வகுப்பு தொடங்கினார். அங்கே பிள்ளைகள் தங்கள் கற்பனையிலிருந்து வரைந்தார்கள். நூற்றாண்டு தாண்டியும் நாம் சிறகு வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, அப்படியென்றால் தாளைக் கொடுத்து "உன் இஷ்டம்போல வரை" என்று சொன்னால் போதுமா? போதாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டாம்பூச்சியை விட்ட பிறகு நான் செய்த அடுத்த தவறு இதுதான். வெறும் தாள் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறது. பாதிப்பேர் பக்கத்துத் தாளை எட்டிப்பார்ப்பார்கள். மீதிப்பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு வீடு என்று வரைந்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். சும்மா விடுவதும் சொல்லித்தருவது ஆகாது.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது இதுதான்: செய்முறையைக் கண்டிப்பாகக் கற்றுக்கொடுப்பேன், என்ன வரைவது என்பதில் தலையிட மாட்டேன். மெழுகு கிரேயானை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேயானால் வரைந்துவிட்டு மேலே வாட்டர் கலர் பூசினால், மெழுகில் தண்ணீர் ஒட்டாது. கலர் விலகி ஓடி, கோடு அப்படியே நிற்கும். இதில் கற்றுக்கொடுக்க நிறைய இருக்கிறது. கிரேயானைத் தடவினால் போதாது, அழுத்த வேண்டும். கலரில் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். போஸ்டர் கலரைக் கெட்டியாக எடுத்தால் மெழுகையும் மூடிவிடும். தாள் கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும், மெல்லிய தாள் ஊறிக் கிழிந்துவிடும். இதையெல்லாம் ஒரு சின்னத் துண்டுத் தாளில் செய்து காட்டிவிட்டு, அந்தத் துண்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். முழுப் படமாக மாதிரி எதையும் காட்ட மாட்டேன். காட்டினால் முப்பதும் அதுவாகவே வரும்.

அப்புறம் ஒரு கேள்வி. "வெளியே தெரியாம எது ஒளிஞ்சிருக்கும்?" அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண், எப்போதும் கடைசி பெஞ்சில் அமைதியாக உட்காருபவள், வெள்ளைத் தாளில் வெள்ளை கிரேயானால் ரொம்ப நேரம் அழுத்திக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் "ஒண்ணுமே தெரியல" என்றார்கள். அவள் நிமிரவில்லை. நுனி மழுங்க மழுங்க, கிரேயானில் சுற்றியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்து மறுபடி அழுத்தினாள். பிறகு பிரஷ் நிறையக் கருநீலம் எடுத்து, தாளின் மேல் ஓரத்திலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நூற்றுக்கணக்கான வெள்ளைக் கோடுகள் சாய்வாக எழுந்து வந்தன. "மிஸ், மழை வெளியே வருது!" என்று கத்தினாள். அந்த வருடத்தில் அவள் குரலை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

கலர் கலப்பதும் இப்படித்தான். பச்சை டப்பாவைக் கொடுக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, இந்த நான்கு போதும். ஆளுக்கு ஓர் இலை கொண்டுவரச் சொல்லி, "இந்த இலையோட பச்சையைச் செஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். மஞ்சளில் தொடங்கி நீலத்தைப் பிரஷ் நுனியால் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். நீலம் ரொம்ப வலுவானது. நீலத்தில் தொடங்கினால் மஞ்சள் டப்பாவே காலியாகிவிடும். முதலில் வருகிற பச்சை பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கும், இலை மாதிரி இருக்காது. அந்த இடத்தில் நான் வாய் திறக்காமல் காத்திருப்பேன். போன வருடம் ஒரு பையன் கழுவாத பிரஷ்ஷைப் பச்சையில் முக்கிவிட்டான். அதில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது. பச்சை சட்டென்று அடங்கி, கையில் இருந்த இலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவன் இலையைத் தாளின்மேல் வைத்து வைத்துப் பார்த்தான். இரண்டு நிமிடத்தில் வகுப்பே சிவப்பைத் தேடியது. நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அது ஒரு வரி. அன்றைக்கு அது அவன் கண்டுபிடிப்பு.

களிமண்ணுக்கு ஒரே விதிதான்: ஒட்டவேண்டிய இரண்டு பக்கத்தையும் குச்சியால் கீறி, குழைத்த சேறு தடவி அழுத்த வேண்டும். இல்லையென்றால் காய்ந்ததும் யானையின் காது விழுந்துவிடும்.

கத்தரிக்கோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரிவதில்லை. வழக்கமான கத்தரிக்கோல் வலக்கைக்காரருக்குச் செய்தது. இடக்கைப் பிள்ளை அதைப் பிடித்து அழுத்தும்போது இரண்டு அலகும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வெட்டவேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். தாள் வெட்டாமல் மடங்கும். "கைவேலை சுத்தமா வரல" என்று நாம் எழுதிக்கொடுத்த எத்தனை பிள்ளைகள் இடக்கைக்காரர்களோ, நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. இடக்கைக் கத்தரிக்கோல் என்று தனியாக இருக்கிறது. வகுப்புக்கு இரண்டு வாங்கி வையுங்கள்.

பரிசு, மார்க், ஸ்டார். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு, தெரியும். 1973இல் உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம் மட்டும், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேஜையில் வைத்துப் பார்த்தபோது, அந்தக் குழு மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. என் பிள்ளைகள் அவர்களைவிடக் கொஞ்சம் பெரியவர்கள்தான். ஆனாலும் "இதுக்கு ஸ்டார் உண்டா மிஸ்?" என்ற கேள்வி வந்த நாளில் படங்கள் எப்படிச் சுருங்கிப்போகும் என்று என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓவியத்துக்கு நான் ஸ்டார் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பதிலாக, பார்த்ததைச் சொல்கிறேன். "இந்த மூலையில மட்டும் இவ்வளவு அழுத்தியிருக்கியே?" "சிவப்பை இங்க ஒரே ஒரு இடத்துல வச்சிருக்க." "சூப்பர்" என்றால் பிள்ளை சிரித்துவிட்டுப் போய்விடும். பார்த்ததைச் சொன்னால் நின்று பேசும். வீட்டிலும் இதைச் செய்யலாம். "இது என்ன, நாயா?" என்று கேட்காதீர்கள். அது குதிரையாக இருந்தால் அந்த முகம் வாடிவிடும். "இதப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். பின்பக்கம் தேதி எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஓவியர் பால் க்ளே 1911இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் போடத் தொடங்கியபோது, சின்ன வயதில் வரைந்த படங்கள் சிலவற்றையும் அதில் சேர்த்தார். அவற்றை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தானே அது முடிந்தது?

சுவரை அலங்கரிக்க வேண்டும், பெற்றோர் வருவார்கள் என்ற நெருக்கடி எனக்கும் இருக்கிறது. இப்போது படத்துக்குக் கீழே பெயரோடு, பிள்ளை சொன்னதையும் அப்படியே எழுதி ஒட்டுகிறேன். போன முறை ஒரு தாள் முழுக்கக் கறுப்பு. அதன் கீழே, "கரண்ட் போனப்ப எங்க வீடு. நான் நடுவுல இருக்கேன், தம்பி என் கையப் பிடிச்சிருக்கான்." ஓர் அப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தாளுக்குக் கிட்டே போய், கறுப்புக்குள் கையைத் தேடினார்.

இந்த வாரம் டிராயிங் பீரியட் எடுக்கப்போகிறவர்கள், முடிந்தால் பக்கத்துப் பீரியடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் கழுவவே போய்விடும். பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு மேஜைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வையுங்கள், ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று கலக்க. நீலத்தை மட்டும் கொஞ்சமாக ஊற்றுங்கள்.