சிசிஎன்பி எழுத சிசிஎன்ஏ கட்டாயமா? சுற்றிவரும் தகவல் தவறு

"சிசிஎன்ஏ இல்லாமல் சிசிஎன்பி தேர்வு எழுத விடமாட்டார்கள். ஒருமுறை வாங்கிய சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பணம் கட்டினால் தேர்வே எழுதாமல் கிடைக்கும்." நெட்வொர்க்கிங் (கணினிகளை இணைக்கும் துறை) வேலை தேடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. சிசிஎன்ஏவும் சிசிஎன்பியும் சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க்கிங் சான்றிதழ்கள்; சிசிஎன்பி அடுத்த நிலை. இதில் சொல்லும் மூன்றுமே தவறு.

2020 பிப்ரவரி 24 முதல் சிஸ்கோவின் விதி வேறு. சிசிஎன்பிக்கு முன்நிபந்தனை எதுவும் இல்லை. ஒரு கோர் (மையப் பாட) தேர்வும் ஒரு சிறப்புப் பாடத் தேர்வும் தேறினால் போதும். ஆனாலும் சப்நெட்டிங்கிலேயே (ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது) தடுமாறும் ஒருவர் நேராக சிசிஎன்பிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிசிஎன்ஏவின் 200-301 தேர்வில் ஐபி இணைப்பு (நெட்வொர்க்குகளுக்கு இடையே தரவு போகும் வழி) என்ற பகுதிக்கு மட்டும் 25 சதவீதம். ரவுட்டிங் டேபிளைப் (வழிகளின் பட்டியல்) பார்த்து பாக்கெட் (தரவுத் துண்டு) எந்த வழியில் போகும் என்று சொல்லத் தெரிய வேண்டும். சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பாக்கெட் டிரேசர் இலவசம்தான், அதில் பழகுங்கள்.

சிசிஎன்ஏ, சிசிஎன்பி இரண்டுமே 3 ஆண்டுதான் செல்லும். காலாவதியாகும் முன் மறுதேர்வு எழுதியோ, தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தோ புதுப்பிக்கலாம். சிசிஎன்ஏவுக்கு 30 புள்ளிகள். காம்ப்டியா என்ற வேறொரு அமைப்பு தரும் நெட்வொர்க் பிளஸ் சான்றிதழுக்கும் இப்போது 3 ஆண்டுதான்.

அப்புறம், தேர்வு எழுதாமல் சான்றிதழ் என்பது மோசடி. வேலை தருபவர் சிஸ்கோவின் சரிபார்ப்புப் பக்கத்தில் பார்த்தால் போலி உடனே தெரிந்துவிடும். விதிகள் எல்லாம் சிஸ்கோ, காம்ப்டியா இணையதளங்களிலேயே உள்ளன. பணம் கட்டும் முன் அங்கே பாருங்கள். இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள்.