ஓலோவுக்கு எந்தச் சாமி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் டார்ட்டில் கிளெரிக் (ஆமைப் பூசாரி) செய்யப்போகிறேன் என்று யார் எங்கே சொன்னாலும் அடுத்த பேச்சு ஏசி (தற்காப்பு எண்) 17தான். ஆமை ஓடு இருக்கிறது, கவசம் வாங்கக் காசு வேண்டாம், கேடயத்தைக் கையில் பிடித்தால் முதல் லெவலிலேயே 19, முடிந்தது கதை. அந்த ஆமை எந்தக் கடவுளைக் கும்பிடுகிறது என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேரக்டர் ஷீட்டில் அந்த இடம் கடைசியில்தான் நிரம்பும், பல நேரம் நிரம்பாமலே போகும். இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

விளையாடாதவர்களுக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது நாலைந்து பேர் கூடி (இப்போதெல்லாம் பெரும்பாலும் வீடியோ காலில்) கதை சொல்லியே ஆடும் ஆட்டம். ஒருவர் டிஎம், உலகம், அரக்கர்கள், மழை வெயில் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்பு சொல்லும். கிளெரிக் ஒரு கடவுளின் பேரில் மந்திரம் போடுகிறவர். காயம் ஆற்றுவார், ஆசி கொடுப்பார், தேவைப்பட்டால் தண்டாயுதத்தால் மண்டையிலும் போடுவார். டார்ட்டில் இரண்டு காலில் நடக்கும் ஆமை மனிதர், எடை ஏறக்குறைய 200 கிலோ. ஏசி என்பது எதிரி உங்களை அடிக்கப் பகடையில் எட்டவேண்டிய எண். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த ஆமைகள் 1985 முதலே ஆட்டத்தில் உண்டு. ஐந்தாம் பதிப்புக்கு 2017இல் 'டார்ட்டில் பேக்கேஜ்' என்ற சின்னத் தொகுப்பாக வந்தன; அதன் விற்பனைப் பணம் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கான நன்கொடைக்குப் போனது. 2022இல் வேறொரு பெரிய புத்தகத்தில் கொஞ்சம் திருத்தத்தோடு மறுபடியும் வந்தன. நான் இன்னும் 2017 பதிப்பைத்தான் விரும்புகிறேன். எண்களுக்காக இல்லை, அதிலுள்ள வாழ்க்கை விவரங்களுக்காக.

அக்கா மகன் போன மாதம் கேட்டான்: "மாமா, டார்ட்டில் கிளெரிக் போடலாம்னு இருக்கேன், ஓகேவா?"

"எந்தச் சாமி?"

"அது ஏதோ ஒண்ணு போட்டுக்கலாம் மாமா. ஏசி 19 வருது, பாத்தீங்களா?"

சரி, அவன் வழிக்கே போவோம். முதலில் எண்கள்.

17 என்பது உண்மையிலேயே நல்ல எண். சாதாரண கிளெரிக் ஒருவர் கவசத்தால் 17ஐ எட்ட வேண்டுமானால் 750 தங்கக் காசுக்கு ஹாஃப் பிளேட் வாங்க வேண்டும், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14 இருக்க வேண்டும், பதுங்கிப் போகும்போது கவசம் கடமுடவென்று சத்தம் போடுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆமைக்கு எல்லாம் இலவசம். டெக்ஸ்டெரிட்டியால் இந்த 17 கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஆகவே அதை 8இல் விட்டுவிட்டு மற்றதில் போடலாம். திறன்களை ஏற்றக் கிடைக்கும் 27 புள்ளிகளில் நான் போடுவது: ஸ்ட்ரென்த் (பலம்) 14, கான்ஸ்டிடியூஷன் (தாங்கும் சக்தி) 14, விஸ்டம் (விவேகம்) 15, இன்டெலிஜென்ஸ் (அறிவு) 12, மற்ற இரண்டும் 8. இனத்துக்கான கூடுதலைச் சேர்த்தால் ஸ்ட்ரென்த் 16, விஸ்டம் 16. 2022 பதிப்பில் கூடுதலை இஷ்டப்படி வைக்கலாம், விஸ்டம் 17 வரும். ஃபயர்பால் (நெருப்புப் பந்து மந்திரம்) விழும்போது டெக்ஸ்டெரிட்டி 8 கண்ணீர் வரவழைக்கும். வரட்டும்.

இன்னொன்று. ஆமைக்கு எந்தக் கவசமும் பயன்படாது. பத்தாவது லெவலில் தோழர்கள் மந்திரக் கவசம் மாட்டிக்கொண்டு திரியும்போது உங்கள் ஓடு அதே 17இல்தான் நிற்கும்.

எல்லோரும் மெச்சும் அந்த 'ஓட்டுக்குள் ஒடுங்கும்' வித்தையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே மெச்சுகிறார்கள். ஒடுங்கினால் ஏசி 4 கூடும். ஆனால் கூடவே நீங்கள் தரையில் கிடப்பதாகக் கணக்கு. கிடப்பவரைப் பக்கத்தில் நின்று அடிப்பவருக்கு அட்வான்டேஜ் உண்டு, அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். தாக்குதலில் 5 கூட்டிக்கொள்ளும் எதிரி ஒருவன். கேடயத்தோடு நிற்கும் ஆமையை அவன் அடிக்க வாய்ப்பு 35 சதவீதம். ஒடுங்கிய ஆமையை அடிக்க, கேடயத்தையும் சேர்த்துக்கொண்டால், ஏறக்குறைய 28. ஒரு முழு ஆக்‌ஷனைச் செலவழித்ததற்கு இவ்வளவுதானா? வலுவான எதிரியிடம் இன்னும் மோசம். இளம் சிவப்பு டிராகனின் கடிக்கு 10 கூடும். நிற்கும் ஆமையைக் கடிக்க 60 சதவீதம், ஒடுங்கிய ஆமையைக் கடிக்க 64! ஒளிந்துகொண்டால் கடி கூடுதலாக விழுகிறது. அதே டிராகன் நெருப்பு ஊதினால் டெக்ஸ்டெரிட்டி சேவுக்கு (தப்பிக்க உருட்டும் பகடைக்கு) டிஸ்அட்வான்டேஜ் வேறு, இரண்டு பகடையில் சின்னதைத்தான் எடுக்க வேண்டும். பென்சிலும் காகிதமும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ஓடு எதற்கு உதவும்? அம்புக்கு. தூரத்திலிருந்து எய்பவன் கிடப்பவரை அடிப்பது கஷ்டம். முன்னே சொன்ன அதே எதிரி வில் எடுத்தால் வாய்ப்பு 2 சதவீதம்தான். அப்புறம் கான்சன்ட்ரேஷனுக்கு, அதாவது போட்ட மந்திரத்தை மனம் சிதறாமல் பிடித்து வைத்திருப்பதற்கு. ஒடுங்கியிருக்கும்போது கான்ஸ்டிடியூஷன் சேவுக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். சின்ன அடி வாங்கினால் மந்திரம் கலையாமல் நிற்க நம் ஆமைக்கு 65 சதவீத வாய்ப்பு. ஓட்டுக்குள் அது 88 ஆகிறது. ஐந்தாம் லெவலில் ஸ்பிரிட் கார்டியன்ஸ் (காவல் ஆவிகள்) மந்திரம் வந்ததும் குறுகலான வழியில் எதிரிகளுக்கு நடுவே போய் நின்று மந்திரத்தைப் போட்டுவிட்டு, அடுத்த முறை உள்ளே போய்ப் படுத்துவிடலாம். சுற்றிப் பறக்கும் ஆவிகள் வேலையைப் பார்க்கும். வெட்டவெளியில் இது செல்லாது. எதிரிகள் விலகிப் போய் உங்கள் குழுவின் மந்திரவாதியை அடிப்பார்கள், நீங்கள் நகர முடியாமல் கிடப்பீர்கள்.

எண்களின் கதை இவ்வளவுதான். இதில் ஒரு வரியைக்கூடக் கிளெரிக் என்பதற்காகச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. ஓடு இருக்கும் யாருக்கும் பொருந்தும்.

ஆமை என்றாலே நமக்கு நூறு வருஷம், இருநூறு வருஷம் என்றுதான் மனம் ஓடும். டார்ட்டில் சராசரியாக 50 வருஷம் வாழ்கிறது. மனிதரைவிடக் குறைவு. வாழ்நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டு, முடிவு நெருங்கும்போதுதான் துணை தேடி முட்டையிடுகிறது. குஞ்சு பொரிந்த பிறகு அப்பாவும் அம்மாவும் இருப்பது அதிகம் போனால் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் தாங்கள் பார்த்த உலகத்தையெல்லாம் கதையாகச் சொல்லிவிட்டு இறந்துபோகிறார்கள். அவர்களுடைய கருவிகளும் ஆயுதங்களும் குஞ்சுகளுக்கு. அதாவது எல்லா டார்ட்டிலும் அனாதை. எல்லா டார்ட்டிலுக்கும் சொத்து கதைதான்.

இதற்கு மேல் ஒன்று: அவர்களுக்கென்று சொந்தக் கடவுள்கள் கிடையாது. மற்ற இனத்தாரின் கடவுளைப் பற்றி ஏதாவது கதை காதில் விழுந்து, அது பிடித்துப்போனால் அந்தக் கடவுளைக் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற ஆட்டத்தின் கற்பனை உலகத்தில் அவர்களுக்குப் பிடித்தவர்கள் எல்டாத், கோண்ட், லதாண்டர், சாவ்ராஸ், செலூனே, டைமோரா. பிறந்த வீட்டுச் சாமி என்ற பேச்சே இல்லாத ஒரு பிறவி, கேட்ட கதையை நம்பிக் கிளெரிக் ஆகிறது. எல்ஃப், ட்வார்ஃப் போன்ற வேறு இனக் கிளெரிக்கிடம் 'ஏன் இந்தச் சாமி' என்று கேட்டால் 'எங்கள் சாமி' என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஆமையிடம் கேட்டால் அங்கேதான் பேச்சு தொடங்கும். யார் சொன்ன கதை? எந்த வயதில் கேட்டது? சாகக் கிடந்த அம்மா சொன்னதா, துறைமுகத்தில் யாரோ குடித்துவிட்டு உளறியதா? அந்த ஆள் பொய் சொல்லியிருந்தால்?

இந்தக் கேள்விகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஏசி 19 என்று எழுதிக்கொள்வதில்தான் எனக்கு வருத்தம்.

என் ஆமையின் பேர் ஓலோ. (டார்ட்டில்களுக்கு ஒன்றிரண்டு அசையில்தான் பேர். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்வார்கள், வாழ்நாளில் பத்துத் தடவைகூட.) அந்த உலகின் சுல்ட் கரையில் போர்ட் நியான்சாரு துறைமுகத்தில் கிழட்டு மாலுமி ஒருத்தியிடம் கேட்ட கதையால் செலூனேயைக் கும்பிடுகிறவன். செலூனே நிலவின் தெய்வம், கடலில் வழி தேடுகிறவர்களின் தெய்வமும்கூட. ஓலோவுக்கு அது இயல்பாகவே ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் டார்ட்டில்களுக்கு ஏற்கெனவே ஒரு நம்பிக்கை உண்டு: சூரியன் பகலின் கண், நிலவு இரவின் கண், இரண்டில் ஒன்று எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டுமே தெரியாதபோது அவர்களுக்கு மனம் நிலைகொள்ளாது. நிலத்துக்கு அடியில் போவதும் பிடிக்காது.

ஆட்டத்தின் பேரிலேயே பாதாளச் சிறை இருக்கிறது, நம் ஆளுக்கு நிலத்தடி என்றால் ஆகாது! அதோடு டார்ட்டில்களுக்கு டார்க்விஷனும் (இருட்டில் பார்க்கும் சக்தியும்) கிடையாது. எல்ஃபும் ட்வார்ஃபும் இருட்டில் சாதாரணமாக நடக்கும்போது ஓலோ தடவிக்கொண்டு வருவான். ஒவ்வொரு குகை வாசலிலும் நின்று தண்டாயுதத்தின் தலையில் லைட் மந்திரம் போடுவான். விதிப்படி அது வெறும் விளக்கு. அவனுக்கு அது கீழே கொண்டுபோகும் நிலா. அமாவாசை இரவில் காவல் இருக்கச் சொன்னால் யாரையாவது பேச்சுத் துணைக்கு எழுப்பிவிடுவான். எங்கள் குழுவில் 'ஆமை புகுந்த வீடு' என்று கிண்டல் செய்யாத ஆளில்லை, ஆனால் அந்தத் துணைக் காவல் பேச்சுகளில்தான் மற்ற கேரக்டர்களின் பழங்கதை எல்லாம் வெளியே வந்தது.

டொமைன் (கிளெரிக் தேர்ந்தெடுக்கும் துறை) எது என்ற கேள்விக்கு இணையம் முழுக்க ஒரே பதில்: ட்வைலைட். இரவுத் தெய்வத்துக்குப் பொருத்தம்தான், செலூனேயின் பேரும் அதில் உண்டு. 300 அடி டார்க்விஷன் தருகிறது. ஆனால் அது ஓலோவின் பயத்தை முதல் நாளே தீர்த்துவிடும், எனக்கு அந்தப் பயம் வேண்டும். போதாததற்கு, சுற்றியிருக்கும் எல்லோருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் தற்காலிக ஹிட் பாயின்ட்டை (உயிர்ப் புள்ளியை) வாரி வழங்கும் அதன் சக்தியைப் பார்த்து டிஎம்கள் முகம் சுளிப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். கோண்டைக் கும்பிட்டு ஃபோர்ஜ் டொமைன் எடுத்தால் ஆறாம் லெவலில் வரும் ஏசி கூடுதல் ஹெவி ஆர்மர் (கனமான கவசம்) போட்டவருக்கு மட்டும்தான், ஆமைக்கு வீண். லைஃப், டெம்பஸ்ட், வார் எல்லாமே ஹெவி ஆர்மர் பயிற்சி தருபவை, அதுவும் வீண். இதற்காக லைஃபைத் தள்ள வேண்டியதில்லை. காயம் ஆற்றுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

நான் எடுத்தது நாலெட்ஜ் டொமைன். சொத்தை என்று பேர் வாங்கியது. செலூனேவுக்கு 2014 விதிப் புத்தகத்திலேயே உரியது. ஹெவி ஆர்மர் தராது, ஆகவே வீணும் இல்லை. இரண்டு மொழி கூடுதலாகத் தெரியும். வரலாறு, மதம் போன்ற திறன்களில் இரண்டை எடுத்து இரட்டிப்புத் தேர்ச்சி பெறலாம். இரண்டாம் லெவலிலிருந்து எந்தத் திறனையும் பத்து நிமிஷத்துக்குக் கடன் வாங்கலாம்; பூட்டு திறப்பதிலிருந்து படகு ஓட்டுவதுவரை. ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துக் கதை சேர்க்கும் ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐந்தாம் லெவலில் ஸ்பீக் வித் டெட் மந்திரமும் தானாகவே வந்துவிடும். பிணத்தின் வாய் அழியாமல் இருந்தால் ஐந்து கேள்வி கேட்கலாம். பெற்றவர்களிடம் ஒரு வருஷம் மட்டுமே பேசக் கிடைத்தவன் கையில் அந்த மந்திரம் வரும்போது என்ன செய்வான் என்பதை நான் டிஎம்மிடம்கூடச் சொல்லவில்லை.

அதே லெவலில் ரிவிவிஃபை மந்திரமும் வருகிறது. 300 தங்கக் காசு பெறும் வைரம் இருந்தால், ஒரு நிமிஷத்துக்குள் இறந்தவரை எழுப்பலாம். வயதாகி இறந்தவரை எழுப்ப முடியாது என்று அதில் ஒரு நிபந்தனை. ஓலோவுக்கு 41 வயது. கூட வரும் எல்ஃபுக்கு 130, அவள் இனத்தில் அது இளவயது. யுத்தத்தில் அவன் விழுந்தால் அவளுக்கு இன்னொரு கிளெரிக் கிடைப்பார், அவனையே எழுப்பவும் செய்யலாம். ஒன்பது வருஷம் கழித்து என்ன செய்வாள்? இதை இரண்டு கேரக்டர்களும் பேசிக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு யாரும் பகடையே உருட்டவில்லை.

காயம் ஆற்ற ஆள் வேண்டாமா என்பார்கள். ஹீலிங் வேர்ட் இருக்கிறது. வாயால் சொன்னால் போதும், 60 அடி தள்ளியிருந்தாலும் விழுந்தவர் எழுந்து நிற்பார். ஆசி கொடுக்கும் பிளெஸ் இருக்கிறது. இந்த இரண்டும் கையிலிருந்தால் எந்த டொமைனும் ஓடும். 2024இல் வந்த புதிய விதிகளில் ஆடுகிறவர்கள் முதல் லெவலில் தாமடர்ஜ் வழியை எடுங்கள். இன்னொரு வழி தரும் ஹெவி ஆர்மர் உங்களுக்குப் பயன்படாது.

ஆட்டம் தொடங்கும் முன் டிஎம்மிடம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய சங்கதிகள் சில உண்டு. ஓட்டுக்குள் இருக்கும்போது கேடயத்தின் 2 சேருமா? வெளியே வந்ததும் எழுந்து நிற்கிறோமா, கிடந்தபடியே இருக்கிறோமா? புனிதச் சின்னத்தைக் கையில் பிடிக்கலாம், வெளியே தெரியும்படி அணியலாம், கேடயத்தில் பொறிக்கலாம் என்று விதி சொல்கிறது. அதையே முதுகு ஓட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டால் செல்லுமா? முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு பதில் வரும். மூன்றாவதற்கு எங்கள் டிஎம் உடனே தலையாட்டிவிட்டு, பெயின்ட்டுக்கு ஐந்து தங்கக் காசு கழித்துக்கொண்டார்.