64 யூனிட்

(அம்பாசமுத்திரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கணினிக்கு முன்னால் கடைக்காரத் தம்பி. பக்கத்து டீக்கடை அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையோடு வந்து உட்கார்கிறார்.)

அண்ணாச்சி: தம்பி, நம் மீட்டர் சாருக்கு நாளை மறுநாள் பதினாறாம் நாள். ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டும். மூன்றுக்கு நாலு போதும்.

தம்பி: அடித்துவிடலாம். படம்?

அண்ணாச்சி: இதோ, மின்வாரிய அடையாள அட்டை. அந்த வீட்டில் இதைத் தவிர வேறு படமே இல்லை.

தம்பி: அண்ணாச்சி, இதில் தாடை வரை கிருதா வைத்த ஒரு வாலிபன் இருக்கிறான். பார்க்கிறவர்கள் அகால மரணம் என்று நினைப்பார்கள்.

அண்ணாச்சி: நினைக்கட்டும். எழுபத்தேழு வயதில் அவருக்கு அந்த ஒரு பெருமையாவது கிடைக்கட்டும்.

தம்பி: சரி. கீழே "வருந்தும்: மனைவி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் மற்றும் உறவினர்கள்". இது எப்போதும் ரெடியாகவே இருக்கும்.

அண்ணாச்சி: மனைவியை எடு.

தம்பி: எடுத்தாச்சு.

அண்ணாச்சி: மக்களை எடு. மருமக்களையும்.

தம்பி: பேரன் பேத்தி?

அண்ணாச்சி: ஏன் தம்பி, மனைவியே இல்லாதவருக்குப் பேரன் எங்கிருந்து வருவான்?

தம்பி: உறவினர்கள்?

அண்ணாச்சி: மதுரையில் அக்கா மகன் ஒருவர். கொள்ளி வைத்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் போட வேண்டாமாம். ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லி வந்தாராம்.

தம்பி: அப்படியானால் "வருந்தும்: மற்றும்" என்றுதான் நிற்கிறது. "மற்றும்" மட்டும் வருந்தினால் நன்றாகவா இருக்கும்?

அண்ணாச்சி: யோசிப்போம். முதலில் "மின் கணக்கீட்டாளர் (ஓய்வு)" என்று போடு.

தம்பி: ஆமாம், அவர் ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை?

அண்ணாச்சி: பெண் பார்க்கப் போனாரே! நானும்தான் கூடப் போனேன். பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் வந்தது. பெண்ணும் வந்து நின்றது. இவர் பெண்ணுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி: கூச்சமா?

அண்ணாச்சி: மீட்டர்! அப்போதெல்லாம் சக்கரம் சுற்றுகிற மீட்டர். வீட்டில் நாலு லைட், இரண்டு ஃபேன் ஓடுகிறது. சக்கரம் அசையவே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால், மாமனாராக வேண்டியவர் உள்ளே கேமரா ஃபிலிமைச் சொருகி வைத்திருக்கிறார்.

தம்பி: அடடா! பேசாமல் இருந்திருக்கலாமே?

அண்ணாச்சி: நானும் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பெண் பிடித்திருக்கிறது, மீட்டர் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டார். பஜ்ஜித் தட்டையே பிடுங்கிவிட்டார்கள். நான் இரண்டாவது பஜ்ஜியைத் தொடக்கூட இல்லை.

தம்பி: அவருக்கு எதைப் பார்த்தாலும் யூனிட்தான். ஒருமுறை எங்கள் வீட்டு வெள்ளை அட்டையில் ரீடிங்கை எழுதிவிட்டு, "என்ன, மாமியார் வந்து எத்தனை நாளாகிறது?" என்றார். நான் அசந்துபோனேன்.

அண்ணாச்சி: எப்படிக் கண்டுபிடித்தாராம்?

தம்பி: கிரைண்டர் அதிகம் ஓடியிருக்கிறதாம். மாமியார் ஊருக்குப் போன பிறகு வந்தார். யூனிட் குறையவில்லை. "மாமியார் போனார், மச்சான் தங்கிவிட்டான், டிவி ஓடுகிறது" என்றார். என் மனைவியே அதைப் பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

அண்ணாச்சி: ஓய்வு பெற்ற பிறகும் விட்டாரா? தெருத்தெருவாகப் போய், "500 வரைக்கும் ஒரு கணக்கு, 501 ஆனால் நடுவில் இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து வேறு கணக்கு, ரீடிங் எடுக்கிற வரைக்கும் ஹீட்டரைத் தொடாதே" என்று மிரட்டுவார். அவர் பேச்சைக் கேட்டு மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளித்த குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ.

தம்பி: 1944-இலேயே பாபநாசத்தில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்த ஊர்க்காரர்கள் நாம், கரண்டை மதிக்க வேண்டாமா என்பார். ஏதோ அவரே டர்பைனைச் சுற்றிவிட்டது போல.

அண்ணாச்சி: அப்போது அவர் பிறக்கவே இல்லை. அவர் அப்பாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது.

தம்பி: 2016-இல் 100 யூனிட் இலவசம் வந்தபோது சந்தோஷப்பட்டிருப்பாரே?

அண்ணாச்சி: முகம் வாடிவிட்டது தம்பி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கவுண்டரில் போய் நின்று பழைய ஆட்களோடு பேச அவருக்கு அது ஒரு சாக்கு. பில் பூஜ்யமான பிறகும் போனார். பூஜ்யத்துக்கு ரசீது கேட்டார். கொடுக்க முடியாது என்றதும், வரிசையில் நின்ற எனக்கு என் பில் ஏன் ஏறியது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கிவிட்டு வந்தார்.

தம்பி: பையில் என்ன அண்ணாச்சி?

அண்ணாச்சி: அவர் வீட்டு வெள்ளை அட்டைகள். நகை இருக்கும், பத்திரம் இருக்கும் என்று பீரோவைத் திறந்தால் இதுதான் இருந்தது.

தம்பி: (புரட்டுகிறார்) 18, 17, 18, 18, 19... இது என்ன, மனிதன் வாழ்ந்த வீடா, சாமி மாடமா? 18, 17... அண்ணாச்சி! இங்கே பாருங்கள். 2003 ஏப்ரல், 64!

அண்ணாச்சி: எங்கே காட்டு. 64-ஆ? அடுத்தது?

தம்பி: மறுபடியும் 18. இரண்டு மாதம் மட்டும் யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள். (குரலைத் தாழ்த்தி) அந்தப் பஜ்ஜி வீட்டுப் பெண்ணா?

அண்ணாச்சி: வாயைக் கழுவு. கிரைண்டரா?

தம்பி: கிரைண்டர் ஏது அவரிடம்? அவர் வழியிலேயே கணக்குப் போடுவோம். கூடுதல் 46 யூனிட். டியூப் லைட் சோக்கோடு 55 வாட், ஃபேன் 75. ஆக 130. தினமும் ஆறு மணி நேரம், அறுபது நாள்... 46 சொச்சம். சரியாக வருகிறது! பிப்ரவரி, மார்ச். ராத்திரி முழித்திருக்கிற ஆள். யாராக இருக்கும்?

(அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. அட்டையை வாங்கி மறுபடி பார்க்கிறார்.)

தம்பி: அண்ணாச்சி?

அண்ணாச்சி: என் பையன்.

தம்பி: என்னது?

அண்ணாச்சி: அந்த வருஷம் பத்தாவது. நான் பில் கட்டாமல் இழுத்தடித்தேன். வந்து பீஸைப் பிடுங்கிவிட்டார்கள். கட்டாதவர்கள் லிஸ்டில் என் நம்பரை எழுதிக் கொடுத்ததே இவர்தான். ஒரு மாதம் அவருக்கு டீ கொடுக்கவில்லை நான். பையன் எங்கே படிக்கிறாய் என்றால் "சிநேகிதன் வீட்டில்" என்பான்.

தம்பி: சிநேகிதனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது.

அண்ணாச்சி: ஒரு வார்த்தை சொன்னாரா அந்த மனிதர்? இருபது வருஷம் என் கடையில் உட்கார்ந்து, டீயில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னார்.

தம்பி: பையன் இப்போது சென்னையில்தானே?

அண்ணாச்சி: ஏசி இல்லாவிட்டால் தூக்கம் வராதாம். 700 யூனிட் ஓட்டுகிறான், படுபாவி. "வருந்தும்" என்பதற்குக் கீழே அவன் பெயரைப் போடு.

தம்பி: என்ன முறை போட? மகனா, மருமகனா?

அண்ணாச்சி: முறையெல்லாம் வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் "46 யூனிட்" என்று போடு.

தம்பி: அச்சுப் பிழை என்று நினைப்பார்கள்.

அண்ணாச்சி: கேட்கிறவர்களை என் கடைக்கு அனுப்பு. டீயும் விற்கும்.

தம்பி: போட்டாச்சு. பணம்?

அண்ணாச்சி: எழுதி வைத்துக்கொள். இரண்டு மாதம் கழித்துத் தருகிறேன்.

தம்பி: அண்ணாச்சி, நீங்கள் மாறவே இல்லை. இந்தத் தடவை நானே வந்து பீஸைப் பிடுங்கிவிடுவேன்.

அண்ணாச்சி: பிடுங்கு. இப்போது வீட்டில் படிக்கிற பிள்ளை யாரும் இல்லை.