தலைநகரம் இல்லாததால் பலவீனமா?

“மத்தியகால ஜெர்மானிய அரசர்கள் தலைநகரம் கட்டக்கூட வலுவில்லாமல், சாப்பாடு தேடி ஊர் ஊராக அலைந்தார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாப்பாட்டு விஷயம் பாதி உண்மை. அரசரையும் பரிவாரத்தையும் அரச பண்ணைகளும் மடங்களும் ஆயர்களும் முறை வைத்துப் போஷித்தார்கள். ஆனால் பயணத்துக்கு அது மட்டுமே காரணம் என்பது தவறு.

ஜெர்மானிய அரசர் இரண்டாம் கொன்ராட்டைப் பாருங்கள். 1024 செப்டம்பரில் மைன்ஸ் நகரில் முடிசூடினார். அவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு, வடக்கே இருந்த சாக்சனிப் பகுதியின் பிரபுக்கள் வரவில்லை. ஆகவே அவரே புறப்பட்டுப் போனார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸைச் சாக்சனியின் மின்டன் நகரில் கழித்து, சாக்சனியரின் பழைய சட்டத்தை மதிப்பதாக உறுதியளித்த பிறகே அவர்கள் அவரை ஏற்றார்கள். பிறகு தெற்கே பவேரியா, ஸ்வாபியா என்று சுற்று தொடர்ந்தது. முடி மைன்ஸில் கிடைத்தது. அரசுரிமையோ இந்தப் பயணத்தில்தான் கிடைத்தது என்பேன்.

வழக்கு விசாரணை, மானியம், நியமனம் எல்லாம் அரசர் தங்கிய இடத்திலேயே நடந்தன. சாசனங்களில் இடமும் தேதியும் இருப்பதால்தான் அவர்களது பயணப் பாதையை இன்று வரைய முடிகிறது.

பலவீனம் என்ற வாதத்துக்கு, கொன்ராட்டுக்கு முந்தைய ஜெர்மானிய அரசர் முதலாம் ஓட்டோவே பதில். 955இல் லெக்ஃபெல்டு போரில் மகியார்களை (ஹங்கேரியர்களை) முறியடித்து, 962இல் ரோமில் பேரரசரானவர். அவருக்கும் நிலையான தலைநகரம் கிடையாது. காலத்தால் மிகப் பிந்தியவர் என்றாலும் ஔரங்கசீப்பும் நினைவுக்கு வருகிறார்: 1681இல் தக்காணத்துக்குப் புறப்பட்டவர், 1707இல் இறக்கும்வரை டெல்லி திரும்பவே இல்லை.