ரெண்டு கிலோ ராகியும் சோம்பேறிப் பட்டமும்

கோத்தகிரி ஊட்டச்சத்து முகாம் வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. "ராகியே குடுத்தாச்சு, இன்னும் ரத்தசோகைன்னா சமைக்கச் சோம்பல்தான்." பழங்குடிப் பெண்களை எதிர்ல உக்கார வெச்சு அங்க பேசினவர் மைக்குல சொன்னது. கைதட்டல் வேற.

கணக்குப் போடுவோமா? நீலகிரியிலயும் தருமபுரியிலயும் ரேஷன்ல ராகி வந்தது 2023-ல. கார்டுக்கு மாசம் 2 கிலோ, அதுவும் அரிசியில 2 கிலோ கழிச்சுக்கிட்டு. அஞ்சு பேர் இருக்கற வீட்டுல ஆளுக்கு நாளைக்கு 13 கிராம். ரத்தசோகைக்கு வேண்டிய இரும்பை விடுங்க, ராகிக்குப் பேர் வாங்கித் தந்த சுண்ணாம்புச்சத்தையே பாருங்க: 100 கிராம்ல சுமார் 360 மில்லிகிராம்னா, 13 கிராம்ல 47. பெரியவங்களுக்கு நாளைக்கு வேண்டியது 1000. இதுக்குப் பேர் "குடுத்தாச்சு".

வர்றது மாவும் இல்ல, முழு ராகி. கல் அரிச்சு, கழுவி, காய வெச்சு, மில்லுக்கு பஸ் ஏறணும். ஐப்பசி மழையில மலைமேல எங்கேங்க காயும்? ஈரத்தோட அரைச்சா மாவு கட்டி தட்டிப் பூசணம் பிடிக்கும். முகாம்ல முளைகட்டச் சொன்னாங்க. நல்ல யோசனை, அதுல இருக்கற இரும்பு உடம்புல கூடுதலா சேரும். கீழ்நாட்டுல ஒரு ராத்திரியில முளை விடும். இங்க குளிருக்கு ரெண்டு மூணு நாள், அதுவும் துணியில முடிஞ்சு அடுப்போரம் வெச்சு, அப்பப்ப தண்ணி தெளிச்சாத்தான். கவனிக்காம விட்டா புளிச்ச வாடை. விடிஞ்சதும் தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பறவங்க சோம்பேறிங்களாம்!

"அப்போ இலவச அரிசி வேண்டாமா?"ன்னு வருவீங்க. நான் எங்க அப்படிச் சொன்னேன்? ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டோட 35 கிலோ அரிசிதான் பல வீட்டுல பசியை அடக்குது. அதுல கை வைக்காம ராகியைக் கூடுதலாக் குடுங்கன்னுதான் சொல்றேன். "ராகியில புரதம் அரிசி அளவுதானே" - ஆமா சார், அதனாலதான் பருப்பும் கேக்கறோம். கார்டுக்கு மாசம் குடுக்கற 1 கிலோ துவரம்பருப்பு, அதே அஞ்சு பேர் வீட்டுல ஆளுக்கு நாளைக்கு 7 கிராம்கூட வராது.

"அவங்களே விளைய வெச்சுக்கலாமே." வெச்சாங்க சார். இருளர், குறும்பர் காட்டுல ராகி, சாமையோட அவரை, துவரை, கடுகு, கீரை எல்லாம் கலந்து விதைப்பாங்க. களை எடுக்கறப்பவே அன்னிக்குக் கொழம்புக்குக் கீரை கிடைச்சிடும். இப்போ அந்த இடத்துல தேயிலை. வரிசைக்கு நடுவுல முளைக்கற கீரைக்குக் களைக்கொல்லி. மிச்ச காட்டுல ராகி போட்டா கதிர் முத்தறதுக்குள்ள பன்னி வந்துடும், ராத்திரி காவலுக்கு யார் போறது?

தேயிலை என்ன தந்துச்சு? சாப்பிட்ட கையோட குடிக்கற டீ. சோத்துல இருக்கற கொஞ்சநஞ்ச இரும்பையும் அது உடம்புல சரியாச் சேர விடாது. முகாம்லயும் சாப்பாடு முடிஞ்ச உடனே டீதான் குடுத்தாங்க.